கஜபதியின் பகல் தூக்கம்

மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. சீட்டை நீட்டி மருந்து கேட்கிறவர்கள் ஒரு வகை. கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, தெருப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஒரு விசயம்" என்று இழுக்கிறவர்கள் இன்னொரு வகை. திருத்தணி ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் இருபத்திரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். மனிதர்களை எனக்குத் தெரியும் என்றால் அது இந்த இரண்டாவது வகையால்தான். டாக்டரிடம் சொல்ல வெட்கம், பெண்டாட்டியிடம் சொல்ல பயம், சாமியிடம் சொன்னால் பதில் வருவதில்லை. கடைசியில் எல்லாம் கோதண்டத்திடம் வந்து சேரும்.

கஜபதி அப்படி வந்தது ஒரு வைகாசி மாதப் பிற்பகல். மஞ்சள் வேட்டி கட்டியிருந்தான். கழுத்தில் ருத்திராட்ச மாலை ஈரமாக இருந்தது. நாற்பத்தேழு வயது ஆள், என்னைவிட ஆறு வருடம் இளையவன். இரண்டு வருடமாக அவன் மனைவி ஜெயம்மாவுக்கு என்னிடம்தான் மாத்திரை வாங்குகிறான். அன்று மாத்திரைப் பெயர் எதையும் சொல்லாமல் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கேட்டான்.

"கோதண்டண்ணா, கனவு வராம இருக்கிறதுக்கு மாத்திரை எதுனா இருக்குதா?"

எந்தக் கனவு என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சிரித்துவிட்டேன். ஊரில் பாதிப் பேர் ஒன்றும் வரவில்லையே என்று என்னிடம் மாத்திரை கேட்டு வருகிறார்கள், உனக்குத் தானாக வருகிறதென்றால் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போயேன் என்றேன். அவன் சிரிக்கவில்லை. நிமிர்ந்தபோது அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அவனுக்கு அது விளையாட்டில்லை என்பதைச் சொல்ல வேண்டுமானால் இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும். ஜெயம்மா அவனுக்கு அத்தை மகள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம் ஆகியும் "பாவா" என்றுதான் கூப்பிடுவாள். ஆந்திரா எல்லை எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருப்பதால் எங்கள் பக்கத்தில் பேச்சு தமிழாக இருந்தாலும் உறவு தெலுங்கில்தான் நடக்கும். அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்தது. கெட்ட கட்டி என்றார்கள். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையையே எடுத்தார்கள். ஐந்து மணி நேரம் ஆபரேஷன் அறைக் கதவு மூடியிருந்தது. வெளியே நின்றிருந்த கஜபதி முருகனிடம் ஒரு வார்த்தை கொடுத்தான். இவள் உயிரோடு வெளியே வந்தால் ஒரு மண்டலம் சுத்தமாக விரதம் இருந்து ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறேன் என்று.

அவள் உயிரோடு வந்தாள். அடுத்த ஆடியிலேயே எடுத்திருக்க வேண்டியது. அதற்குள் அவன் அம்மா இறந்துபோனாள். வருடம் திரும்பாமல் மலை ஏறக் கூடாது என்று பங்காளிகள் நிறுத்திவிட்டார்கள். இந்த வருடம்தான் வழி பிறந்தது. கிருத்திகை முடிந்த ஆறாம் நாள் ஜெயம்மாவுக்கு வேலூரில் ஸ்கேன். இந்த இரண்டு தேதிகளும் அவன் மனதில் ஒரே முடிச்சாக விழுந்துவிட்டன. காவடி மலை ஏறினால் ஸ்கேன் நல்லபடியாக வரும். ஏறாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவன் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

காவடிக் கட்டுப்பாடு வீட்டுக்கு வீடு மாறும். கஜபதி வீட்டுக் கட்டுப்பாடு பொல்லாதது. நாற்பத்தெட்டு நாள், ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் பாய், தலைக்கு வைத்துக்கொள்ள ஒன்றும் கூடாது, வீட்டுக்காரி படுக்கிற அறையில் படுக்கக் கூடாது. இத்தனையோடு இன்னொன்றும் உண்டு. தூக்கத்தில் சொப்பனத் தீட்டு ஆகிவிட்டால் மாலையைக் கழற்றிப் பாலில் கழுவி, தலைமுழுகி, மறுபடியும் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். கிருத்திகைக்குள் நாற்பத்தெட்டு தேறாவிட்டால் காவடியை வேறு ஒருவன் தோளுக்கு மாற்றிவிட வேண்டும். வேண்டிக்கொண்டவன் தோளில் ஏறாத காவடி பாதி வேண்டுதல்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. சித்திரைக் கடைசியில் மாலை போட்ட கஜபதிக்கு இருபத்தாறாம் நாள் அது ஆகிவிட்டது. பாலில் கழுவின மாலையோடுதான் நேராக என் கடைக்கு வந்திருந்தான்.

கனவு வராமலிருக்க மாத்திரை இல்லை என்று சொன்னேன். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, எப்போது தூங்குகிறாய், எப்படித் தூங்குகிறாய் என்று கேட்டேன். அவன் தூக்கத்தின் கதையை அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன்.

மணவூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி செய்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. வாரம் ஒரு ஷிப்ட் மாறும். பத்தொன்பது வருடமாக அவன் உடம்பு எது இரவு எது பகல் என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டிருக்கிறது. நைட் ஷிப்ட் வாரத்தில் காலை லோக்கலில் வந்து இறங்கி, குளித்துச் சாமி கும்பிட்டு, ஒன்பது மணிக்கு முன்கூடத்தில் பாயை விரிப்பான். ஜெயம்மா வீட்டிலேயே லுங்கி மூட்டுகிறவள். பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் கட்டுக் கட்டாக வரும் துணியை ஓரம் சேர்த்துத் தைத்து அனுப்புவாள். அவன் பகலில் தூங்குகிற வாரங்களில் மட்டும் தையல் மிஷினைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைப் போல இல்லை, அண்ணா, என்றான். கண்ணை மூடினாலும் வெளிச்சம் இமைக்குள் மஞ்சளாக வந்து நிற்கும். வீடு மலைப்படிக்குப் பக்கத்துச் சந்தில் இருப்பதால் மேலே கட்டிய ஒலிபெருக்கிப் பாட்டு, கீழே தெலுங்கில் பேசிக்கொண்டு போகிற கூட்டம், யாரோ எங்கோ போடுகிற அரோகரா, பொரிக்கடைக்காரன் வாணலியைத் தட்டுகிற சத்தம் எல்லாம் காதுக்குள் வந்து கரைந்துகொண்டே இருக்கும். தூங்குகிறோமா கேட்டுக்கொண்டிருக்கிறோமா என்று தெரியாது. தண்ணீருக்கு அடியில் படுத்துக்கொண்டு கரையில் நடப்பதைக் கேட்பது போல இருக்கும். அப்படியே இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால் அங்கே அந்த ரயில் நிற்கும்.

கனவில் எப்போதும் ரயில்தான். மணவூரைத் தாண்டின லோக்கல் வண்டி, பெட்டியில் ஒருவரும் இல்லை. இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் நிறைந்து வானம் கீழே கிடக்கிறது. எதிர் சீட்டில் ஒரு பெண் தலைமுடியை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கிறாள். முடியிலிருந்து சீயக்காய் வாசனை. அவள் ஒன்றும் பேசாமல் ஒரு காலை நீட்டி அவன் மடியில் வைக்கிறாள். பாதம் ஈரமாக, குளிர்ச்சியாக இருக்கிறது. அவன் அந்தப் பாதத்தைத் துடைக்கிறான், கணுக்காலைத் துடைக்கிறான். வண்டி எந்த நிலையத்திலும் நிற்பதில்லை. அவள் எழுந்து வந்து பக்கத்தில் உட்காருகிறாள், முடி அவன் முகத்தில் விழுகிறது. அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்கும் கொஞ்சம் நாகரிகம் உண்டு.

ஆனால் ஒன்று மட்டும் கேட்டேன். யார் அந்தப் பெண்? "முகம் தெரில அண்ணா" என்றான், மறுபடியும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு. பொய் என்று தெரிந்தது. கம்பெனி கேன்டீனில் யாரோ ஒருத்தி என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். இருபத்திரண்டு வருட அனுபவம் அல்லவா, எல்லாம் தெரிந்த ஏகாம்பரம் ஆகிவிட்டேன்.

எனக்குத் தெரிந்ததை அவனுக்குச் சொன்னேன். தூக்கம் ஒரே நீட்டாகப் போவதில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று சுற்றுச் சுற்றாகப் போகும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கனவுப் பகுதி வரும். முதல் சுற்றில் அது சில நிமிஷம். விடிய விடிய நீண்டுகொண்டே போகும். அந்த நேரத்தில் ஆண் உடம்பு தானாகவே விழித்துக்கொள்ளும், அதற்கு மனதின் அனுமதி தேவையில்லை. பல நாள் அரைத் தூக்கம் தூங்கினவனுக்கு ஒரு நாள் முழுத் தூக்கம் கிடைத்தால் விட்டுப்போன கனவெல்லாம் சேர்ந்து வரும். காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் பாய்ந்த கதைதான். நைட் ஷிப்ட் வாரம் முழுக்கக் குறைத் தூக்கம், மறுநாள் லீவு என்று மத்தியானம் வரைக்கும் தூக்கம். உனக்கு ஆனது அந்த லீவு நாளில்தானே என்றேன். யோசித்துப் பார்த்து ஆமாம் என்றான்.

எப்படிப் படுக்கிறாய் என்றும் கேட்டேன். தலையணை கிடையாதே, அதனால் கையைத் தலைக்குக் கொடுத்துக் குப்புறப் படுக்கிறானாம். குப்புறப் படுப்பவர்களுக்கு இந்த மாதிரிக் கனவு அதிகம் என்று எங்கோ படித்திருக்கிறேன், நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் உன் விரதமே உன்னைப் பிடித்துக் கனவுக்குள் தள்ளுகிறது, ஒரு தலையணை வைத்து மல்லாந்து படு என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் மலையையே இடித்துவிடச் சொன்னது போல இருந்தது.

மறுபடியும் முதல் நாளிலிருந்து எண்ணினான். பத்தொன்பதாம் நாள் மறுபடியும் ஆகிவிட்டது. அதுவும் நைட் ஷிப்ட் வாரம் முடிந்த லீவு நாள், காலை பதினோரு மணி வாக்கில் தூக்கத்தில். இந்தத் தடவை கடைக்கு வந்தவன் மாத்திரை கேட்கவில்லை, காலண்டர் கேட்டான். இருவருமாக எண்ணிப் பார்த்தோம். அன்றிலிருந்து கிருத்திகைக்குச் சரியாக நாற்பத்தெட்டு நாள். ஒரு நாள்கூட மிச்சமில்லை. இன்னொரு தடவை ஆனால் காவடியை ஜெயம்மாவின் தம்பி சுப்பிரமணி தோளுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். சுப்பிரமணி நல்ல பையன். ஆனால் வார்த்தை கொடுத்தவன் அவனில்லை.

நான் ஷிப்டையும் சுற்றையும் பற்றி எவ்வளவோ சொல்லியிருந்தேன். கஜபதி அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றைத்தான். தூங்கினால்தானே கனவு வரும்.

அதற்கப்புறம் அவன் தூங்காமலிருக்க ஆரம்பித்தான். எனக்கு அது உடனே தெரியவில்லை. பத்து நாளில் நான்கு தைல டப்பா வாங்கியபோதுதான் உறைத்தது. தலைவலியா என்றால் இல்லை, கண்ணுக்குக் கீழே தடவிக்கொள்கிறானாம். எரிச்சலில் கண் மூடாது. சுவரில் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபடி இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம், அவ்வளவுதான் தூக்கம். கண் இரண்டும் செம்பருத்திப் பூவாக இருந்தது. பேசும்போது பாதி வாக்கியத்தில் நின்று எதையோ கேட்பது போலத் தலையைச் சாய்ப்பான். விழித்திருக்கும்போதே சில சமயம் அந்த ஈர முடி வாசனை வருகிறது என்றான். நீ செய்வது எரிகிற தீயில் எண்ணெய், அடக்க அடக்க அது இன்னும் வேகமாக வரும் என்று கோபமாகவே சொன்னேன். கோபம் அவன் மேல் பாதி, என் மேல் பாதி. அரைகுறையாகச் சொல்லிக் கொடுத்தவன் நான்தானே.

ஆடி பிறந்து இரண்டாவது நாள் காலை பதினொன்றரை மணிக்கு ஜெயம்மா கடைக்கு வந்தாள். இருபத்தேழாம் நாள் விரதம் அது. எட்டு மணிக்கு வர வேண்டியவன் இன்னும் வரவில்லை, போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை என்றாள். வெயிலில் நடந்து வந்த முகம் வெளுத்திருந்தது. பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கம்பெனிக்கு போன் செய்தேன்; ஆறு மணிக்கே கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

அவள் தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். கல்யாணமான நாளாக ஒரு கைக்குட்டைகூடத் துவைக்காத மனுஷன் இரண்டு தடவை தன் வேட்டியைத் தானே குழாயடியில் துவைத்து உலர்த்தினானாம். அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. தூக்கத்தில் சிரிக்கிறான், விழித்தால் அழுகிற மாதிரி இருக்கிறான். ஆபரேஷன் ஆன நாளிலிருந்தே அவன் தள்ளித்தான் படுக்கிறான். விரதம் வந்தது சாக்கு. மகள் கயல்விழி காலேஜ் விடுதிக்குப் போனபின் வீட்டில் இரண்டே பேர், இரண்டு பேருக்கும் பேச்சு சோறு, மாத்திரை, கரண்ட் பில்.

"யாரோ இருக்காங்கண்ணா. நீ சொல்ல மாட்ட, எனக்குத் தெரியும். எனக்கு அதுல கோவம் இல்ல. உள்ள இருக்கிறத எடுத்துட்டாங்க, இனிமே நான் இன்னா பொம்பள?"

கேன்டீன்காரி என்று நான் கட்டி வைத்திருந்த கதை அப்போதும் என் மண்டைக்குள் இருந்தது. அவன் என்னிடம் சொன்னதை நான் சொல்லக் கூடாது. சொல்லாமலிருந்தால் இவள் இப்படியே எழுந்து போய்விடுவாள். உன் வீட்டுக்காரன் எந்தத் தப்பும் செய்யவில்லை, அவன் தூங்காமல் செத்துக்கொண்டிருக்கிறான், ஏன் என்று அவனையே கேள் என்று மட்டும் சொன்னேன்.

பன்னிரண்டு இருபதுக்கு ஒரு லோக்கல் வந்தது. கூட்டம் கலைந்தபின் சாலையில் கஜபதி ஒரு ஓரமாக நடந்து வந்தான். மாலை கழுத்தில் இல்லை, கையில் சுருட்டிப் பிடித்திருந்தான். ஜெயம்மா பெஞ்சில் இருப்பதைப் பார்த்ததும் கடை வாசலிலேயே நின்றுவிட்டான்.

நடந்தது இதுதான். காலை வண்டியில் தூங்கக் கூடாது என்று அரக்கோணம் வரைக்கும் நின்றுகொண்டே வந்திருக்கிறான். அங்கே பெட்டி காலியானது. ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று சன்னலோரம் உட்கார்ந்தான். திருத்தணியில் வண்டி நின்றது தெரியவில்லை. அதே வண்டி திரும்பி அவனையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அரக்கோணம் போய், மணவூரும் தாண்டி, எல்லாரும் ஏறி இறங்க, அவன் சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தபடி இரண்டு மணி நேரம் தூங்கியிருக்கிறான். நான்கு வாரத்தில் அவன் தன்னை மறந்து தூங்கினது அது ஒன்றுதான். கனவிலும் ரயில், வெளியிலும் ரயில், எதில் இருக்கிறோம் என்று தெரியாமல் திருவள்ளூரில் யாரோ தோளைத் தட்டி எழுப்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. நிலையத்துக் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு, மாலையைக் கழற்றிக்கொண்டு, அடுத்த வண்டியில் வந்திருக்கிறான்.

"போயிட்டுச்சு ஜெயா" என்றான். "சுப்பிரமணிக்கு போன் போடு. அவன் எடுக்கட்டும்."

நான் மருந்து எடுக்கிற சாக்கில் குளிர்பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கடை என்னுடையது, வெளியே போகவும் வழியில்லை. காதை மட்டும் எங்கே வைப்பது?

என்ன போயிட்டுச்சு என்று அவள் கேட்டாள். அவன் சொன்னான். திக்கித் திக்கி, தரையைப் பார்த்தபடி, மூன்று தடவையும் ஆனதைச் சொன்னான். வார்த்தை கொடுத்துவிட்டு இந்த உடம்பை அடக்க முடியவில்லையே என்றான். ஸ்கேனில் ஏதாவது வந்தால் அது தன்னால்தான் என்றான். அப்போதுதான் அந்த இரண்டு தேதிகளின் முடிச்சை அவன் வாயாலேயே கேட்டேன். நாற்பத்தேழு வயது ஆள் சின்னப் பிள்ளை போல விசும்பினான்.

அவள் டம்ளரைப் பெஞ்சில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்.

"யாரு வந்தா கனவுல?"

வெளியே பொதட்டூர்பேட்டை பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. அது கிளம்பிப் போகிற வரைக்கும் அவள் காத்திருந்தாள்.

"சொல்லு பாவா. யாரா இருந்தாலும் சொல்லு."

"யாரு வருவா? நீதான்."

குளிர்பெட்டிக்குப் பின்னால் நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேன்டீனில் ஒரு பெண்ணும் இல்லை, என் மண்டையில்தான் இருந்தாள். இத்தனை நாள் இவன் வெட்கப்பட்டது இதற்குத்தான். பெண்டாட்டியின் உயிருக்காக விரதம் இருந்துகொண்டு பெண்டாட்டியையே ஆசைப்பட்டுவிட்டோமே என்று.

அவள் எதை நம்பி வந்தாளோ அது உடைந்து விழ நேரம் பிடித்தது. பொய்யா நிஜமா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஏன் இரண்டு வருடமாக என் பக்கத்தில்கூட வரவில்லை என்று கேட்டாள். தையல் போட்ட இடம் வலிக்குமோ என்று பயந்ததாகச் சொன்னான். முதலில் பயம், அப்புறம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, அப்புறம் அதுவே பழகிவிட்டது. தையல் எப்போதோ ஆறிவிட்டது என்றாள்.

பிறகு எழுந்து போய் அவன் கையிலிருந்த மாலையை வாங்கினாள்.

"என் உசுருக்குத்தான் வேண்டிகின. கனவுலயும் நான்தான் வந்துகினு இருக்கேன். இதுல தீட்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

வீட்டுக் கட்டுப்பாடு என்று அவன் ஏதோ முனகினான். கட்டுப்பாடு போட்டவர்களில் ஒருத்தருக்காவது ஆபரேஷன் ஆச்சா என்று கேட்டாள். எண்ணிக்கை நின்ற இடத்திலிருந்து தொடரட்டும், முருகன் ஏதாவது கேட்டால் என்னைக் கேட்கட்டும், ஆபரேஷனுக்குப் படுத்த உயிர் என்னுடையது என்றாள். என்னை வெளியே கூப்பிட்டுப் பால் இருக்கிறதா என்று கேட்டாள். பக்கத்து டீக்கடையில் ஒரு டம்ளர் பால் வாங்கிக் கொடுத்தேன். என் கடை வாசலில் வைத்து மாலையைப் பாலில் கழுவி, முந்தானையில் துடைத்து, அவன் குனிய அவளே கழுத்தில் போட்டாள். பெண்டாட்டி மாலை போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வீட்டுக்குப் போய் தலகாணி வச்சினு படு" என்றாள். "அந்தப் பாவமும் எனக்கே இருக்கட்டும்."

அன்றைக்குப் பன்னிரண்டு மணி நேரம் தூங்கினானாம். மிச்ச நாட்களுக்கு, தன்னோடு வேலை செய்கிற ஒருவனிடம் ஷிப்டை மாற்றிக்கொண்டு நைட் ஷிப்டே போகவில்லை. முன்கூடத்தில்தான் படுத்தான், அந்தக் கட்டுப்பாட்டை இருவருமே மீறவில்லை. கனவு வந்ததா என்று நான் கேட்கவில்லை. கண் வெளுத்து, முகம் தெளிந்து, ஆள் பழையபடி ஆனான். பங்காளிகள் இரண்டு பேர் என்னமோ பேசினார்களாம். ஜெயம்மா அவர்கள் வீட்டுக்கே போய் பதில் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆடிக் கிருத்திகை அன்று நான் கடையை மூடிவிட்டுப் போனேன். படிக்கட்டே தெரியாமல் கூட்டம், மஞ்சளாக அசைந்துகொண்டிருந்தது. பம்பைச் சத்தத்தில் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பூக்காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு கஜபதி ஏறினான். கண் பாதி மூடியிருந்தது. பின்னால் தண்ணீர்ச் சொம்போடு ஜெயம்மா, முதல் படியிலிருந்து கடைசிப் படி வரைக்கும் ஒரு கையை அவன் முதுகில் வைத்தபடியே வந்தாள். முந்நூற்று அறுபத்தைந்து படியில் ஒன்றுகூட நினைவில்லை, தூக்கத்தில் ஏறினது மாதிரி இருந்தது, முதுகில் அந்தக் கை இருந்தது மட்டும் தெரிந்தது என்று பிறகு சொன்னான்.

ஆறாம் நாள் வேலூர் போனார்கள். மறுநாள் ஜெயம்மா மட்டும் கடைக்கு வந்தாள். ரிப்போர்ட்டை நீட்டினாள். எனக்குத் தெரிந்த வரைக்கும் படித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது, அடுத்த வருடம் வந்தால் போதும் என்று எழுதியிருந்தார்கள். கஜபதிக்கு அது முருகன் கொடுத்தது. எனக்கு அந்த டாக்டர்கள் கொடுத்தது. ஜெயம்மா யார் பக்கமும் சேரவில்லை. கால்சியம் மாத்திரை வாங்கிக்கொண்டாள். போகாமல் நின்றாள். தெருப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா, ஒரு விசயம். பொம்பளைங்களுக்கும் அந்த மாதிரி கனவு வருமா?"

வரும் என்றேன். உடம்பு என்றால் எல்லாம் உடம்புதான், தூக்கத்தின் சுற்றும் ஒன்றேதான், அதில் ஆண் பெண் கிடையாது என்றேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அவள் மாத்திரைப் பையின் வாயை மடித்துக்கொண்டே நின்றாள். நேற்று வண்டியில் வரும்போது அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டதாகவும், அப்போது வந்தது என்றும் சொன்னாள். விழித்ததும் அழுகையாக வந்ததாம், அவன் பயந்துபோய் எங்கே வலிக்கிறது என்று கேட்டானாம்.

"ஆபரேஷன்ல அதையும் சேர்த்து எடுத்துட்டாங்கன்னு நெனச்சினு இருந்தேன். எடுக்கலண்ணா."